தானாக ஆன மண்

தானா ஆச்சுன்னு நெனச்சுகினு கீறாரு. இருக்கட்டும். அந்த நெனப்புலதான் மனுசன் நேத்து ரெண்டு உருண்டை களி கூடச் சாப்பிட்டாரு.

செண்பகம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க அங்கே ஆள் இல்லை. மொட்டை மாடியில் விடிந்தும் விடியாத மார்கழிப் பனி. கறுத்த தண்ணீர்த் தொட்டி, மூன்று நீல டிரம்கள், அவள். நடு டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். உள்ளே சூடாக இருந்தது. காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்தடியில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. கையை எடுத்ததும் அதன் பின்னாலேயே ஆவி எழுந்து அவள் முகத்தைத் தொட்டுவிட்டுப் பனியோடு கலந்தது. எது ஆவி, எது பனி என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தொம்மலூர் பழைய ஊருக்குள் நிற்கிற ஒல்லியான கட்டடம் அது. ஆறு குடித்தனம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் வளர்ந்து, இரவு முழுக்க எரிந்த விளக்குகளை இன்னும் அணைக்காமல் நிற்கும். அந்த வெளிச்சத்தில் டிரம்மைக் கிளறுவாள். இரும்புக் கம்பியை ஓரத்தில் குத்தி, அடியிலிருப்பதை மேலே கொண்டுவந்து, மேலிருப்பதை உள்ளே தள்ளி, மரத்தூள் ஒரு கை தூவி, புளித்த மோர் தெளித்து மூடுவாள். பிறகு குழாயடியில் கை கழுவி, கீழே போய்க் கணவனுக்கு டீ போடுவாள். சாலமன் எழுந்து, குடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு மாடி ஏறி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். "பாத்தியா செண்பா, நேத்து போட்டது இன்னிக்கு கறுத்துடுச்சி. அதும்பாட்டுக்கு ஆவுது" என்பார்.

ஆவுது என்று அவளும் சொல்வாள்.

இத்தனைக்கும் காரணம் கச வண்டிக்கான கட்டணம். குப்பையை அந்த ஊரில் எல்லா பாஷைக்காரர்களும் கச என்றுதான் சொல்வார்கள். முன்பெல்லாம் மாதம் பிறந்தால், பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற வண்டியோடு நடந்து வரும் பெண்ணின் கையில் வீட்டுக்கு வீடு ஏதோ கொடுப்பார்கள். கொடுக்காத வீடும் உண்டு. தீபாவளிக்குப் பலகாரம், சில வீட்டில் பழைய புடவை. இந்த வருஷம் அது வீட்டு வரியோடு சேர்ந்து வந்துவிட்டது. கட்டடம் எத்தனை சதுரடியோ அதற்குத் தக்கபடி. ஒரு வீட்டில் ஒருவர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும், கச ஒரு கைப்பிடியானாலும் ஒரு மூட்டையானாலும் சதுரடிதான்.

வீட்டுக்காரர் கோவிந்தப்பா படிக்கட்டின் கீழ் நின்று இதைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை செண்பகத்துக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு குடித்தனமும் படிகளில் ஆளுக்கொரு படியாக நின்றது. கட்டடத்துக்கு வந்ததை ஆறாகப் பிரித்து வாடகையோடு வாங்கிக்கொள்வேன் என்றார் கோவிந்தப்பா. முதல் மாடி சுனிதா ஒப்பவில்லை. மேலே நரேஷும் விக்கியும் ரெண்டு பேர்தான், ஆனால் நாளெல்லாம் டப்பா டப்பாவாகச் சாப்பாடு வரவழைக்கிறார்கள், அவர்கள் போடுகிற பிளாஸ்டிக்குக்கு நான் ஏன் சமபங்கு கொடுக்க வேண்டும் என்றாள். நரேஷ், நாங்கள் வீட்டில் இருப்பதே தூங்குகிற நேரம்தான், தூக்கத்தில் என்ன கச வரும் என்று கேட்டான். அப்படியானால் கிலோவுக்கு நிறுத்துப் போடுங்கள் என்றது ஒரு குரல். தராசை யார் பிடிப்பது என்றது இன்னொன்று. கோவிந்தப்பா கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்து, "நானு என்ன பண்ணட்டும்? எனக்கு அவங்க போடறாங்க, நானு உங்களுக்குப் போடறேன். அஷ்டே, அவ்ளோதான்" என்றார்.

அப்போதுதான் சாலமன் பேசினார்.

பேச்சை அவர் மறந்துவிட்டார் என்றே செண்பகம் பயந்திருந்த காலம் அது. பீன்யா தொழிற்பேட்டையில் அவர் லேத் ஓட்டிய பட்டறையை மூடியதிலிருந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். கேட்டால் ம். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. முழங்கால் மேல் வைத்த கையில் கட்டைவிரல் மட்டும் எதையோ தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரும்பின் வழவழப்பைத் தடவிப் பார்ப்பதுபோல. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய வருஷம் அவருடைய அப்பா லைன் வீட்டில் இப்படித்தான் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாமனாருக்குச் சோறு பிசைந்து கொடுத்தவள் செண்பகம்தான். அந்த மனிதர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இந்த வீட்டுக் கட்டிலில் மகன் உட்கார்ந்த விதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சுவர் ஞாபகம் வரும்.

அந்தச் சாலமன்தான் படிக்கட்டில் நின்று தொண்டையைச் செருமினார்.

"எங்க ஊர்ல கம்பெனி வேணாம்னு கொட்டுன மண்ணு மலையாட்டம் நிக்கும் ஓனரே. சைனைட் மேடுன்னு சொல்லுவோம். அதுல ஒரு பிடி அள்ளிகினு போனா வாட்ச்மேன் வந்து புடிச்சிடுவான். கழிச்சுப் போட்ட மண்ணுக்குக் காவல். இன்னாத்துக்கு? உள்ள இன்னும் கீது. இங்க பாத்தா நம்ம மண்ணையும் குடுத்து, எடுத்துனு போறதுக்குக் காசும் குடுக்கணும்ன்றீங்க."

"சாலமண்ணா, வாழைப்பழத் தோல்ல தங்கமா கீது?" என்றார் கோவிந்தப்பா. படிகளில் சிரிப்பு.

"மண்ணு கீது" என்றார் சாலமன்.

சிரிப்பு அடங்கியது. வீட்டிலேயே உரம் போட்டால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டாம் என்று மச்சினன் சொன்னது கோவிந்தப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேச்சு அங்கே பிடித்து அங்கேயே முடிந்தது. ஆறு வீட்டு ஈரக் கசவும் மாடிக்கு வரும். சாலமன் பார்த்துக்கொள்வார். தள்ளுபடி கிடைத்தால் எல்லாருக்கும் குறையும், சாலமன் வீடு ஒன்றும் கட்ட வேண்டாம். செண்பகம் மேல்படியில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக்குள் அந்த முதுகு நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. உள்ளே போய் அரிசி களைந்தாள்.

அந்த வாரமே பீன்யாவுக்குப் போய், தெரிந்த கம்பெனியில் சொல்லி, கழுவிய டிரம் மூன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற மூடி. வாளிகள் வந்தன. கொட்டினார். மூடினார். வளையத்தைத் திருகி இறுக்கினார். பட்டறையில் டிரம் என்றால் அப்படித்தான். ஒரு சொட்டு கசியக் கூடாது, காற்று புகக் கூடாது. முப்பது வருஷம் அப்படி மூடிப் பழகிய கை அது.

மழைக்காலம் வேறு. மாதம் முடிவதற்குள் ஒருநாள் மூடியைத் திறந்தபோது அது பட்டென்று எகிறித் தண்ணீர்த் தொட்டியில் மோதியது. அதன் பின்னால் வந்த நாற்றம் மாடியை விட்டிறங்கி, தெருவில் இறங்கி, டீக்கடைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கிற அளவுக்குப் போனது. கோவிந்தப்பா கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். திங்கள்கிழமைக்குள் டிரம்மைத் தூக்காவிட்டால் ஆள் வைத்துத் தூக்குவேன் என்று கீழே போனார். சாலமன் மூடியைத் தேடி எடுத்து டிரம்மின் மேல் வைத்தார். உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டைவிரல் முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தது.

மறுநாள் விடியலில்தான் செண்பகம் முதன்முதலாக டிரம்முக்கு அருகில் போனாள். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மாவு புளிப்பதும் கெடுவதும் ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். கெட்டுப்போனதற்கு மூச்சு முட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. பழைய ஆணியைச் சூடேற்றி டிரம்மின் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், துளை போட்டாள். மூடியை லேசாக வைத்தாள். சாலை ஓரத்து மரங்கள் உதிர்த்த சருகைச் சாக்கில் அள்ளி வந்தாள். பிளைவுட் கடைக்காரனிடம் மரத்தூள் கேட்டாள். சேறாய்க் கிடந்ததைப் பக்கெட்டில் எடுத்துச் சருகோடு பிசைந்து பிசைந்து உள்ளே போட்டாள். முதல்நாள் வாந்தி வந்தது. மறுநாள் வரவில்லை. திங்கள்கிழமைக்குள் நாற்றம் அடங்கிவிட்டதால் கோவிந்தப்பா ஆள் அனுப்பவில்லை. சில வாரங்கள் போன பிறகு மூடியைத் திறந்தால் மழை பெய்து ஓய்ந்த வாசலில் வருகிற வாசனை வந்தது.

அன்று அவள்தான் சாலமனைத் தள்ளாத குறையாக மேலே அனுப்பினாள். போய்த்தான் பாருங்களேன் என்றாள். அவர் இறங்கி வந்தபோது கை நிறையக் கறுப்பு மண். முகம் கல்யாணத்தன்று இருந்ததுபோல இருந்தது. "நான் சொன்னேனா இல்லியா? அது உள்ளேயே இருந்துகீது செண்பா. நாமதான் அவசரப்பட்டோம்" என்றார்.

அந்த முகத்திடம் என்ன சொல்ல முடியும்?

அதன்பின் அவர் வேறு ஆளாகிவிட்டார். காலையில் சவரம், தேய்த்த சட்டை. பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள், சாலமன் சார் என்றார்கள். வட்டாரத்து அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் டிரம்மோடு அவரை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். கருவாட்டுக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாத்ரூமில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பாட்டைப் பாடினார்.

செண்பகத்துக்குத்தான் கனவுகள் நின்றுபோயின.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து அவள் ஒரு கனவையும் முழுசாக வைத்துக்கொண்டதில்லை. தங்கவயலில் ஷிப்டு சங்கு ஊதி எழுப்பும். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய டிபன் டப்பா. அப்புறம் இவளே ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கப் போனாள். மூட்டை மூட்டையாக வெங்காயம் காத்திருக்கும். கண்ணைத் திறந்ததும் ஓட வேண்டியிருந்தால் கனவு கதவருகிலேயே நின்றுவிடும். முட்டி வலி வந்து வேலையை விட்ட பிறகுதான் முதன்முதலாக ஒரு விடியல் சும்மா கிடைத்தது. கடுங்காப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் நிற்பாள். கண்டது அவளோடு ஏறி வரும். ஈரத் துணியை உதறி விரிப்பதுபோல அதை மெதுவாக விரித்துப் பார்ப்பாள். சுரங்கத்துக்குள் நீளமாகக் கொடி கட்டி அம்மாவின் புடவைகள் காய்கின்றன. சைனைட் மேட்டின் வெள்ளைச் சரிவில் வரிசையாகக் கதவுகள், ஒவ்வொன்றிலும் யாரோ கோலம் போடுகிறார்கள். கேண்டீன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தால் தூரத்தில் ஒரு ரயில் போகிறது. அர்த்தம் ஒன்றும் தேடமாட்டாள். இதெல்லாம் என்னுடையது என்று மட்டும் தோன்றும். அவளுடையது என்று சொல்ல அதற்கு முன் பெரிதாக எதுவும் இருந்ததில்லை.

இப்போது கண் திறக்கும்போதே நரேஷ் கொட்டிய தர்ப்பூசணித் தோல் வந்து நிற்கிறது. பெரிய துண்டு, நறுக்காமல் போட்டால் அழுகாது. பிரியாணி எலும்பைத் தனியே பொறுக்க வேண்டும். சருகு தீர்ந்துவிட்டது.

வெறுப்பாக இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. அந்தச் சூட்டுக்குள் கை போகும்போது உடம்பு ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்தது. ஒரு வாரம் சுனிதாவின் வாளியில் எலுமிச்சைத் தோலும் புளிக்கொட்டையுமாக வந்தன. அந்தப் பெண் புருஷனிடம் சொல்வதற்கு முன்பே செண்பகத்துக்குத் தெரிந்துவிட்டது. படியில் பார்த்தபோது பாத்து இறங்கும்மா என்றாள். சுனிதா திடுக்கிட்டு நின்றாள். இப்படி ஆறு வீட்டு வாழ்க்கையும் அவள் கைவழியாகப் போய் மண்ணானது. பிறர் வீட்டு ராத்திரிகளைக் கிளறிக் கிளறி அவளுடைய ராத்திரி எங்கோ போய்விட்டது. சில சமயம் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்று யோசிப்பாள். நேற்று ஒன்று கண்டேன், அதில் தண்ணீர் வந்தது. அதற்கு மேல் வராது.

அவரேக்காய் காலம் வந்தது. மொச்சைக்காயைத் தெருவுக்குத் தெரு குவித்து வைத்து விற்கிற பருவம். ஆறு வாளியும் தோலால் நிரம்பி வழிந்தது. டிரம் மூன்றும் கழுத்துவரை வந்துவிட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமை செண்பகம் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, ராத்திரி ஊறப்போட்ட பருப்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பிதுக்கம்பருப்புக் குழம்பு என்றால் சாலமனுக்கு வேறொன்றும் வேண்டாம். சர்ச்சுக்குப் போய் வந்த சட்டையோடு அவர் நாற்காலியில் இருந்தார். கோவிந்தப்பா வந்தார். கையில் மைசூர்பாகுப் பெட்டி.

உட்கார்ந்து, வெயில், பனி, மகள் வீடு எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். பின் தெருவில் மச்சினனுக்கு ஒரு கட்டடம், அதை ஒட்டி அவர் சொந்தக்காரர்கள் கட்டடம் இரண்டு. எல்லாருக்கும் வரியோடு இந்தக் கட்டணம் வருகிறது, எல்லாருக்கும் தள்ளுபடி வேண்டும். அங்கெல்லாம் டிரம் வைக்க மாடி இல்லை, பார்க்க ஆளும் இல்லை. வாளிகளை இங்கேயே அனுப்பிவிட்டால்? டிரம் கோவிந்தப்பாவே வாங்கித் தருவார். மாடியில் பூட்டிக் கிடக்கிற ஒற்றை அறையையும் வாடகை இல்லாமல் இவர்களுக்கே விட்டுவிடுவார். வாசலில் ஒரு போர்டு வைக்கலாம், சாலமன் பேரைப் போட்டு.

சாலமன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எத்தனை டிரம் வேண்டும், எந்தப் பக்கம் வைக்கலாம், வெயில் எந்தச் சுவரில் விழும் என்று கை காற்றில் கோடு போட்டது. முன்பு டிரம் கொடுத்த பீன்யா தம்பிக்கு நாளைக்கே போன் போடுகிறேன் என்றார். பட்டறையில் புது மெஷின் வந்த நாளில் பேசுவதுபோலப் பேசினார். செண்பகம் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோவிந்தப்பா அவர் பேச்சு முடிகிற வரை காத்திருந்தார். பிறகு திரும்பினார்.

"செண்பகம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"அவ இன்னா சொல்லப் போறா ஓனரே" என்று சாலமன் சிரித்தார். "வேலை என்னுது. அவளுக்கு இன்னா சிரமம்? அதும்பாட்டுக்கு ஆவுது."

கோவிந்தப்பா சிரிக்கவில்லை. "அது சரி அண்ணா. ஆனாலும் வீட்டம்மா ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும். நானு கீழ்வீட்டுல காலையில சீக்கிரம் எழுந்துடறேன். படிக்கட்டைப் பெருக்கறது நம்ம வீட்டு ஆளு. மரத்தூள் விழுந்து கிடக்கும், பெருக்குவாங்க" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை, பாத்திரத்தில் மிதக்கும் பருப்பில் இருந்தது. தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்தோ தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சாலமனிடம் சொல்லிவிட்டு இவளிடம் கேட்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். விடியலில் ஏறுவது யார், டிரம்முக்குப் பின்னால் துளை போட்டது யார் என்று சொல்லிவிட்டால், முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. சாலமன் என்ன பேச்சு இது என்பதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த சட்டை. கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார்.

அவள் ஒரு பருப்பை எடுத்து விரலால் அழுத்தினாள். அது தோலை விட்டு வழுக்கிக் கிண்ணத்தில் விழுந்தது.

"வேணாம்ணா" என்றாள்.

சாலமன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"எது வேணாம்?" என்றார் சாலமன்.

"பின் தெரு வாளி. நம்ம பில்டிங் போதும்."

"ஏன், இன்னா ஆச்சி உனக்கு? சும்மா வர்ற ரூம்பு. போர்டு வெக்கறேன்றாரு."

"போர்டு நல்லதுதான். இந்த மூணு டிரம்முக்கே வெக்கட்டும்."

கோவிந்தப்பா பெட்டியை மேசையின் மேல் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தினார். யோசித்துச் சொல்லட்டும், அவசரம் இல்லை என்றார். பொங்கல் கழித்து ஆரம்பித்தாலும் போதும், பின் தெருக்காரர்கள் வாளிகளை அவர்களே மேலே வரை கொண்டு வந்து வைத்துவிடுவார்கள் என்றார். அவர் கேட்ட விதத்தில் மரியாதை இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவளிடம் நேராக வந்து கேட்கப்பட்ட காரியம் இது ஒன்றுதான். அதனால் மறுப்பதும் சுலபமாக இல்லை.

"யோசிச்சுட்டேன்ணா" என்றாள்.

சாலமனின் குரல் இறங்கியது. கோபமில்லை, புரியாத குரல். "காரணம்னு ஒண்ணு சொல்லணும் இல்ல செண்பா? ஓனர் வீடு தேடி வந்துகீறாரு."

"எனக்குக் காலைல வேலை கீது."

"காலைலயா? இன்னா வேலை?"

அவள் யோசித்தாள். கடுங்காப்பியோடு நின்று, கண்ட கனவை விரித்துப் பார்க்கிற வேலை, அதற்குப் பெயர் இல்லை. பெயர் வைத்துச் சொன்னால் இருவரும் புரிந்துகொள்ள முயல்வார்கள், அது இன்னும் கஷ்டம்.

"கீது" என்றாள்.

கோவிந்தப்பா எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். ஆகட்டும் என்று தலையசைத்து வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். சாலமன் இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், மேற்கொண்டு ஏதாவது வரும் என்று. அவள் கிண்ணத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த பருப்பை எடுத்தாள்.